குளிர்நீரில் இறங்கும் காப்பி

சித்திரை பிறந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து வீடுகளில் பிற்பகல் நான்கு மணிக்கு அடுப்படிப் பக்கம் போகவே எவருக்கும் மனம் வருவதில்லை. காப்பியை விட்டுவிடவும் மனமில்லை. இந்த இக்கட்டுக்கு இளையோர் கண்ட வழி 'கோல்ட் புரூ'. அனலின்றி, நீரும் நேரமும் மட்டுமே சேர்ந்து இறக்கித்தரும் டிக்காக்ஷன் அது.

முதலில் பொடியைக் கவனிக்க வேண்டும். நாம் வழக்கமாக வாங்கும் ஃபில்டர் பொடி இதற்கு ஒத்துவராது. அது நைசானது, வடிகட்டிய பின்னும் வண்டல் தங்கும். மேலும், காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதே நம் நாட்டு உணவு விதி. அப்படியானால் ஏறக்குறைய பாதிவரை சிக்கரியாகவே இருக்க இடமுண்டு! நெடுநேரம் ஊறும்போது காப்பியின் மணத்தைச் சிக்கரியின் கசப்பு மூடிவிடும். எனவே, உடனுக்குடன் வறுத்து அரைத்துத் தரும் கடையில், சிக்கரி சேர்க்காமல் ரவைப் பதத்தில் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

வெந்நீரில் அலசிய கண்ணாடிப் பாட்டிலில் 60 கிராம் பொடியையும், கொதிக்கவைத்து ஆறிய 500 மில்லி நீரையும் சேர்த்துக் கலக்கி, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரவு எட்டு மணிக்கு வைத்தால் மறுநாள் காலை பத்து மணிக்கு எடுக்கலாம். ஃபில்டரின் மேற்பாத்திரத்தில் ஒருமுறையும், தூய மெல்லிய துணியில் மறுமுறையும் வடிகட்டுங்கள். சமமாக நீரோ பாலோ சேர்த்து அருந்தலாம். இதில் கொதிநிலை என்ற காவல் இல்லாததால், நீரின் தூய்மையும் குளிர்ச்சியும் இன்றியமையாதவை. கேன் நீரானாலும் கொதிக்கவைத்தே பயன்படுத்துங்கள். மின்வெட்டு நெடுநேரம் நீடித்தால் கொட்டிவிடுவதே நல்லது. எப்படியும் மூன்று நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம்.

இது வயிற்றைப் புண்ணாக்காது என்றொரு பேச்சு உலவுகிறது. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சூடான காப்பி, குளிர்காப்பி இரண்டின் பி.எச். அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மொத்த அமிலம் மட்டும் குளிர்காப்பியில் சற்றுக் குறைவு. நெஞ்செரிச்சல் உள்ளோர் இதை மருந்தென நம்பிவிடக் கூடாது.

கசப்பு குறைந்திருப்பதால் குடிப்பதன் அளவு தெரியாமல் போவதே இதில் பெரிய ஆபத்து. அராபிகாக் கொட்டையில் காஃபீன் ஏறக்குறைய 1.2 விழுக்காடு. அப்படிப் பார்த்தால் 60 கிராம் பொடியில் சுமார் 700 மில்லிகிராம். அதன் பெரும்பகுதி நீரில் இறங்கிவிடும். ரோபஸ்டாவில் இது ஏறத்தாழ இரு மடங்கு. நலமுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கருவுற்ற பெண்ணுக்கு 200 என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கூறிய வரம்பு. ஒரு பாட்டில் நால்வருக்கானது என்று கொள்ளுங்கள். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவரும் உறக்கமின்றித் தவிக்கும் முதியவரும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் இதையும் அன்றைய நீர்க்கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் காப்பிக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காப்பி அச்சத்தை உடலில் சேரவிடாது. தைராய்டு மாத்திரை உண்போர், வெறும் வயிற்றில் நீருடன் அதை விழுங்கி ஒரு மணி நேரம் சென்ற பிறகே பாட்டிலைத் திறக்கலாம்.