தில்லி: ஆறு வார வசந்தம்

புகைக்கும் அனலுக்கும் நடுவே குழந்தைகளுக்குக் கிடைக்கும் சின்ன இடைவெளி

நவம்பரில் புகைமூட்டம். ஜனவரியில் எலும்பைத் துளைக்கும் குளிர். ஏப்ரல் பிறந்தால் வெயில். தில்லியின் சிறு குழந்தைகள் வெளியே ஓடியாட மிஞ்சுவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை, சுமார் ஆறு வாரங்கள்தான். அதையும் ஷாப்பிங் மால்களில் கழித்துவிட்டால் அடுத்த வசந்தத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் செலவில்லாத இடங்களுக்குப் பஞ்சமில்லை. குடியரசுத் தலைவர் மாளிகையின் முகலாயர் தோட்டம் 2023இல் அம்ருத் உத்யான் ஆனது. பெயர்தான் மாறியது; டூலிப் மலர்களின் கவர்ச்சி மாறவில்லை. அனுமதி இலவசம். ஆனால் அங்கே புல்லில் உருள முடியாது. அதற்கு இருக்கிறது லோதி தோட்டம். 90 ஏக்கர், கட்டணம் கிடையாது. சையது, லோதி சுல்தான்களின் கல்லறைகளைப் பெரியவர்கள் ரசிக்கட்டும். மூன்று வயதுக்குக் குளத்து வாத்துகளே போதும்.

ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில், 2018இல் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரியில் கட்டணம் உண்டு. கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார அருமையான புல்வெளி. ரயில் பைத்தியம் பிடித்த வாண்டுகளுக்குச் சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் பொம்மை ரயில் ஓடுகிறது. அம்ருத் உத்யானைப் போலவே இதற்கும் திங்களன்று விடுமுறை.

ஒரு நாளைக்கு ஒரே இடம், அதுவும் காலையில் என்று வைத்துக்கொண்டால் குழந்தையும் சிணுங்காது, பெற்றோரும் களைக்க மாட்டார்கள். எங்கும் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. மார்ச்சில் தெருவோர இலவ மரங்கள் சிவப்புப் பூக்களை உதிர்க்கின்றன. பொறுக்குவதற்கு டிக்கெட் தேவையில்லை.