இலையுதிர் காலமும் இல்லத்தில் நம்பிக்கைப் பயிற்சியும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். இவற்றுள் இலையுதிர் காலத்திற்குத் தனியிடம் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமோ செப்டம்பர் முதல் நவம்பர் முடிய உள்ள மாதங்களை மக்கள் அப்பெயராலேயே அறிகின்றனர். கதிர் களஞ்சியம் சேர்கிறது. மரங்கள் நிறம் மாறி இலை உதிர்க்கின்றன. இருள் நாளுக்கு நாள் விரைந்து சூழ்கிறது. இப்பருவத்தில் அந்நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களில் சிறுவரைக் கொண்டு செய்யப்பெறும் வழக்கங்கள் பல. அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இவற்றை எதிர்கொள்கின்றன. பிள்ளை பள்ளியிலிருந்து காகித விளக்கோடு வருகிறது. மறுவாரம் பூசணிக்காயோடு வருகிறது. இவற்றுள் எவை நம்பிக்கையை வளர்ப்பன, எவை கைவேலையாக மட்டும் நின்றுவிடுவன என்னும் வினா பெற்றோருக்கு எழுவது இயல்பே. திருமறையின் துணையோடு அதனைச் சிறிது ஆராய்வோம்.

திருமறையே ஓர் இலையுதிர் காலப் பண்டிகையை அறிந்திருக்கிறது. ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் தொடங்கும் கூடாரப் பண்டிகை நம் கணக்கில் செப்டம்பரிலோ அக்டோபரிலோ அமையும். களத்தின் பலனையும் ஆலையின் பலனையும் சேர்த்து முடித்தபின், இஸ்ரவேலர் ஏழு நாள் குடில்களில் தங்குதல் வேண்டும் (லேவி. 23:39-43, உபா. 16:13-15). எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர் இவ்வாறே குடியிருந்தனர் எனப் பின்வரும் தலைமுறைகள் அறிய வேண்டும் என்பதே கட்டளை தரும் காரணம். களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில், உறுதியான வீட்டை விட்டு வெளியேறி, ஒன்றுமில்லாதிருந்த நாளை நினைக்கச் சொல்வது கருதத்தக்கது. வளர்ந்தவர்க்கு இதனைச் சொற்பொழிவில் விளக்கலாம். நான்கு வயதுக் குழந்தைக்கோ, கூரையின் இடுக்கில் விண்மீன் தெரியும் ஓர் இரவு போதும்.

பிற்கால யூத மரபு இதனை நன்கு உணர்ந்திருந்தது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, குடிலின் கூரை நிலத்தில் முளைத்த பொருளால் ஆகியிருத்தல் வேண்டும் என்றும், உள்ளே வெயிலினும் நிழல் மிகுந்திருத்தல் வேண்டும் என்றும் விதிக்கிறது. தாயின் துணையின்றி இருக்கத்தக்க சிறுவனுக்கும் குடிலில் தங்கும் கடமை உண்டு. அங்கேயே ஓர் அரிய செய்தியையும் காண்கிறோம். மூத்தவரான ஷம்மாயின் மருமகள் பண்டிகை நாளில் பிள்ளை பெற்றாளாம். அவர் கூரைக் காரையை உடைத்து, கட்டிலுக்கு மேலே தழைகளைப் பரப்பினாராம், அந்தச் சிசுவின் பொருட்டு. இத்துணைக் கண்டிப்பை நாம் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை; பேறுகாலத்தில் கூரையை உடைப்பது எந்தத் தாய்க்கும் உவப்பாயிராது. ஆயினும் பிறந்த குழந்தையும் பண்டிகைக்குப் புறம்பாகலாகாது என்ற அம்முதியவரின் உள்ளக்கிடக்கை போற்றுதற்குரியது.

மோசேயின் நூல்களில் நம்பிக்கைக் கல்விக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் செயல் நிகழ்கிறது, அதனைக் கண்டு பிள்ளை வினவுகிறான், பின்னரே தந்தை விடை கூறுகிறார் (யாத். 12:26, உபா. 6:20). நம் ஞாயிறு பள்ளிகளில் பெரும்பாலும் விடையில் தொடங்கி மனப்பாட வசனத்தில் முடித்துவிடுகிறோம். ஆகவே ஒரு வழக்கத்தை மதிப்பிடுமுன், அது குழந்தையை வினவச் செய்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். இன்னோர் அளவுகோலும் உண்டு. கூடாரப் பண்டிகையில் மகிழ வேண்டியவர் யார் யார் என உபாகமம் பட்டியலிடுகிறது: மகனும் மகளும் மட்டுமன்றி, வேலைக்காரரும் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் அதில் அடங்குவர். குடும்பப் பண்டிகையாயினும் குடும்பத்தோடு முடிவதன்று அது.

அண்மைக் காலத்தில் மேலைநாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, தம் தோட்டங்களில் இக்குடிலை அமைத்து வருகின்றன. இதில் நமக்குச் சற்றே தயக்கமுண்டு. யூத மக்கள் இன்றும் ஆசரித்துவரும் பண்டிகையை, அவர்களை அறியாமலேயே நம் வீட்டு விளையாட்டாக்குவது முறையன்று. அயல்வீட்டு யூதக் குடும்பம் அழைத்தால் பிள்ளைகளுடன் விருந்தினராய்ச் செல்வது நலம். ஆண்டவர் எருசலேமுக்குச் சென்று பங்குபெற்ற பண்டிகை இது (யோவா. 7) என அப்போது சொல்லலாம்.

இங்கிலாந்தின் அறுவடை நன்றி வழிபாடு இன்றைய வடிவில் அத்துணைப் பழமையானதன்று. கார்ன்வால் கடற்கரையிலுள்ள மார்வென்ஸ்டோவின் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், 1843 அக்டோபர் முதல் ஞாயிறன்று, புதுக்கதிரின் அப்பத்தால் திருவிருந்தில் பங்குபெறத் தம் சபையாரை அழைத்தார். கப்பல் உடைந்து கரையொதுங்கிய மாலுமிகளின் உடல்களைத் தேடியெடுத்துக் கிறிஸ்தவ முறையில் அடக்கம் செய்தவரும் இவரே. விக்டோரியா காலத்தில் எங்கும் பரவிய இவ்வழிபாடு மிஷனெரிமார் வழியே நம் நாட்டுக்கும் வந்தது. அறுப்பின் பண்டிகையில் நெல்லும் வாழைத்தாரும் கோழியும் படைத்து ஏலம் விடுவதை நாம் அறிவோம். இன்று இங்கிலாந்தின் நகரச் சிறுவர் பலர் கதிருக்குப் பதிலாக டின் உணவுகளையும் பொட்டலங்களையும் ஆலயத்திற்குக் கொணர்கின்றனர்; அவற்றுள் பல உணவு வங்கிகளுக்குச் செல்கின்றன. வயலைக் காணாத பிள்ளைக்கு அறுவடை வழிபாடு எதற்கு எனக் கேட்பாரும் உளர். வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கும் கட்டளை (லேவி. 19:9, 10) அந்த டின்னுக்கும் பொருந்தும் என்பதே நம் கருத்து. ஆனால் தாய் வாங்கிப் பையில் வைத்துக் கொடுத்தனுப்பினால் பிள்ளை வெறும் சுமைகூலியாகிவிடும். தான் விரும்பி உண்பதையே அக்குழந்தை கடையில் தெரிந்தெடுக்கட்டும். இது யாருக்கு என்னும் வினா அப்போது தானே வரும்.

அக்டோபர் 31 பெற்றோரைப் பெரிதும் கலங்கவைக்கும் நாள். சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்தைய மாலை, பேய் வேடங்களும் இனிப்பு வேட்டையுமாய் மாறியுள்ளது. மார்ட்டின் லூத்தர் தம் 95 கருத்துரைகளை 1517இல் வெளிப்படுத்திய நாளும் அதுவே. எனவே சில சபைகள் சீர்திருத்த நாள் விழாவை அன்று சிறுவருக்கென நடத்துகின்றன. வேடத்தை மாற்றி அதே இனிப்பை வழங்குவதனால் மட்டும் பெரும்பயன் விளையுமென நாம் எண்ணவில்லை. இறந்த விசுவாசிகளைப் பெயர் சொல்லி நினைந்து, தாத்தா பாட்டியின் படங்களை எடுத்துக் காட்டி, அவர்தம் நம்பிக்கையின் கதையைக் கூறும் இல்லத்தில் அந்த மாலையின் அச்சம் தானே தணியும்.

நம் உள்ளத்தை மிகவும் கவர்வது ஜெர்மனியின் மார்ட்டின் திருநாள். நான்காம் நூற்றாண்டில் ரோமப் படைவீரராயிருந்த மார்ட்டின், இன்றைய பிரான்சிலுள்ள ஆமியான் நகர வாயிலில், குளிரில் நடுங்கிய இரவலன் ஒருவனுக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக அறுத்துப் பாதியைக் கொடுத்தார். அன்றிரவு கிறிஸ்து அப்பாதியை அணிந்தவராய்க் கனவில் தோன்றினார் என்று சுல்பீசியஸ் செவேரஸ் எழுதிவைத்தார். அப்போது மார்ட்டின் ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. பின்னர் தூர் நகரப் பேராயரான அவர், 397 நவம்பர் 11ஆம் நாள் அடக்கம் பண்ணப்பட்டார். அந்நாளை ஒட்டிய மாலையில் சிறுவர்கள் தாமே செய்த விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு தெருவில் செல்கின்றனர். முற்காலத்தில் கிழங்கைக் குடைந்து விளக்குச் செய்ததும் உண்டு. பல ஊர்களில் குதிரைமேல் ஒருவர் படைவீரராய் முன்செல்ல, அங்கி பகிர்ந்த காட்சி நடித்துக் காட்டப்பெறும். இறுதியில் அப்பம் பகிரப்படும்.

புனிதரின் நாளைச் சீர்திருத்த சபையார் கொண்டாடலாமா என ஐயுறுவோர்க்கு எர்ஃபுர்ட் நகரம் நல்ல விடை. லூத்தர் 1483 நவம்பர் 10ஆம் நாள் பிறந்து, மறுநாள் ஞானஸ்நானம் பெற்றமையால் அன்றைய புனிதரின் பெயரையே பெற்றார். அவர் கல்வி பயின்று துறவு பூண்ட எர்ஃபுர்ட்டில், நவம்பர் 10 மாலை கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் பேராலயத்தின் முன்னுள்ள திடலில் விளக்குகளோடு ஒருங்கே கூடுகின்றனர்.

கதையைக் கேட்கும் குழந்தை, ஏன் முழு அங்கியையும் கொடுக்கவில்லை என்று கேட்பது இயல்பு. இதனைவிடச் சிறந்த இறையியல் வினாவை நாம் கற்பித்துத் தர இயலாது. குளிர் இருவர்க்கும் பொது என்றோ, இரண்டு அங்கி உள்ளவனைப்பற்றி யோவான் ஸ்நானகன் உரைத்ததை (லூக். 3:11) எடுத்துக் காட்டியோ விடை பகரலாம், சிறிது நேரம் விடையின்றியே விட்டுவைத்தாலும் தகும். அவ்வாரத்தில் ஓர் உடையைக் கொடுக்க விரும்பும் பெற்றோர், சிறிதாகிப்போனதை விடுத்து, இன்னும் அளவாயிருப்பதையே பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்வார்களாக.

அமெரிக்காவின் நன்றி நாள் நவம்பர் நான்காம் வியாழனன்று வருகிறது. 1621இல் பிளிமத் குடியேறிகளும் வாம்பனோவாக் பூர்வகுடியினரும் கூடியுண்ட நிகழ்ச்சியோடு அது தொடர்புறுத்தப்படுகிறது. அப்பூர்வகுடியினரின் வழிவந்தோரும் பிறரும் 1970 முதல் அதே நாளைப் பிளிமத்தில் துக்க நாளாக ஆசரித்து வருவதைப் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கேனும் மறைக்கலாகாது. நிலத்தை இழந்தவரையும் நினைக்கும் நன்றியே உபாகமத்தின் பட்டியலுக்கு ஒத்த நன்றி. விருந்து மேசையில் ஓர் இடத்தை ஒதுக்கி, யாரை அழைப்பது எனப் பிள்ளைகளையே கேட்கலாம். பெரியோர்க்குத் தோன்றாத பெயர்களை அவர்கள் சொல்வார்கள்: வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்த, மொழி தெரியாத சிறுமி; மாடியில் தனித்திருக்கும் முதியவர்; பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர்.