முளைக்காத வெங்காயம்! சாப்பிடலாமா?

பல்லடம், பொங்கலூர் பக்கம் போனால், தோட்டங்களில் வெங்காயப் பட்டறைகளைக் காணலாம். சின்ன வெங்காயத்தை உலர்த்தி, காற்றோட்டமாகக் குவித்து, ஓலையால் மூடி வைப்பார்கள். நல்ல விலை வரும் வரை காத்திருப்பார்கள்.

இடையில் வெங்காயம் முளைத்துவிட்டால் நஷ்டம் விவசாயிக்கு மட்டும் அல்ல. சந்தையில் வெங்காயம் குறையும், விலை ஏறும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பமும் தவிக்கும்.

வெங்காயம் முளைக்காமல் தடுக்க ஒரு வழி உண்டு. அதுதான் கதிர் பாய்ச்சுவது!

நாசிக் அருகே லாசல்கானில் 2002-ம் ஆண்டு இதற்கென ஓர் ஆலை தொடங்கப்பட்டது. அமைத்தது, பாபா அணு ஆராய்ச்சி நிலையம். கோபால்ட்-60 என்ற உலோகத்தில் இருந்து வரும் காமா கதிர், வெங்காயத்துக்குள் ஊடுருவும். முளைக்குருத்து வளரும் சக்தியை இழந்துவிடும்.

விஷம் ஆகுமா?

"அணுக் கதிரா? ஐயோ!" என்று தாய்மார்கள் பயப்படுவது இயற்கை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அந்தக் கதிர் நம் உடம்பில் தங்குவது இல்லை. அதுபோலவே, காமா கதிரும் வெங்காயத்தில் தங்குவது இல்லை.

ஆனால், உணவில் வேறு மாறுதல் ஏற்படுமா? இதுதான் பெரிய சர்ச்சை ஆயிற்று.

15 குழந்தைகள்

ஐதராபாத்தில் உள்ள தேசிய சத்துணவு நிறுவனம் 1975-ல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டது. சத்துக் குறைவால் வாடிய 15 குழந்தைகளை, ஐந்து ஐந்து பேராகப் பிரித்துக் கோதுமை உணவு கொடுத்தார்கள். புதிதாகக் கதிர் பாய்ச்சிய கோதுமையைச் சாப்பிட்ட குழந்தைகளின் ரத்த அணுக்களில் மாறுதல் தெரிந்தது. அந்தக் கோதுமையை நிறுத்தியதும் மாறுதல் மறைந்தது. உலகமே பரபரப்பு அடைந்தது!

பாபா அணு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இதை மறுத்தார்கள். அரசாங்கம் நியமித்த இருவர் குழு விசாரித்தது. "ஆதாரம் போதாது" என்பது 1976-ல் அந்தக் குழு சொன்ன முடிவு.

1980-ல் உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட 3 சர்வதேச அமைப்புகளின் நிபுணர்கள் கூடி ஆராய்ந்தார்கள். 10 கிலோகிரே அளவு வரை கதிர் பாய்ச்சிய உணவால் ஆபத்து இல்லை என்றார்கள். வெங்காயத்துக்கு வேண்டியதோ அதில் மிகச் சிறு பங்குதான். இந்தியாவில் 1994-ல் அனுமதி கிடைத்தது.

ஆகவே, பயம் வேண்டாம். ஆனால், விழிப்பு வேண்டும். அழுகிய பண்டத்தைக் கதிர் நல்லதாக்காது. கதிர் பாய்ச்சிய உணவுப் பொட்டலத்தில், வட்டத்துக்குள் பூப் போன்ற பச்சை முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்த்து வாங்குங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை!