நூறு முறை சிமிட்டும் விளக்கும் கைப்பேசிக் கேமராவும்

1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில், டியூப்லைட் வெளிச்சத்தில் கைப்பேசியால் குறுங்காணொளி எடுப்போர், வெறுங்கண்ணுக்குத் தெரியாத கரும்பட்டைகள் திரையில் மேலும் கீழும் ஊர்வதைக் கண்டு, புதிய கைப்பேசி வாங்கவேண்டுமோ என்று எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். செலவில்லாமல் தீரக்கூடிய சிக்கல் அது.

இந்தியாவில் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சத்தைத் தொடுவதால், பழைய சோக்கு பொருத்திய டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கைப்பேசியின் உணரி, அதாவது ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு, ஒரு ஃபிரேமை முழுதாக ஒரே கணத்தில் பதியாமல் வரிவரியாகப் பதிந்து செல்வதால், விளக்கு மங்கியபோது பதிவான வரிகள் பட்டையாகத் தெரிகின்றன. ஒவ்வொரு வரியும் ஒளியை வாங்கும் கால அளவே ஷட்டர் வேகம் எனப்படுகிறது. அதனை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால், எல்லா வரிகளுக்கும் இரண்டு அல்லது ஒரு முழுச் சிமிட்டல் ஒரே அளவாகக் கிடைத்துப் பட்டை மறைகிறது. கைப்பேசி தானாக 1/60-ஐத் தேர்ந்துகொள்ளும்போதோ, சிமிட்டல் அரைகுறையாக வெட்டுப்படுகிறது.

பல கைப்பேசிகள் நொடிக்கு 30 ஃபிரேம் என்ற அளவோடு விற்பனைக்கு வருவது, 60 சுற்று மின்சாரத்தை ஒட்டி வளர்ந்த அமெரிக்கத் தொலைக்காட்சியின் எச்சம். 1975-இல் சென்னையில் ஒளிபரப்பைத் தொடங்கிய தூர்தர்ஷன் 25 ஃபிரேம் முறையைப் பின்பற்றியது. கைப்பேசியின் ‘புரோ’ அமைப்பில் 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வைப்பது, அம்பத்தூரின் மின்சாரத்துக்கு ஏற்ற இணையாகும்.

ஆனால் 25 ஃபிரேமிலும் ஒரு வேடிக்கை உண்டு. பட்டறை மோட்டார்கள் பலவற்றின் தகட்டில் 1,440 என்று பொறிக்கப்பட்டிருக்கும். அது நிமிடத்துக்கான சுழற்சி எண்ணிக்கை, நொடிக்கு 24. அந்த மோட்டாரின் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடிட்டு 25 ஃபிரேமில் படம்பிடித்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையே கோடு ஒரு முழுச் சுற்றுக்கு 14.4 பாகை குறைவாகவே நகர்ந்திருப்பதால், வேகமாக முன்னோக்கிச் சுழலும் புல்லி, திரையில் நொடிக்கு ஒரு சுற்று வீதம் சாவகாசமாகப் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றும்.

வெயிலில் ஷட்டர் கணக்கு மாறுகிறது. பெரும்பாலான கைப்பேசிகளில் லென்ஸின் துளையைச் சுருக்க இயலாது என்பதால், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நண்பகல் வெளிச்சத்தில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும். லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியதுபோல் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரைப் பொருத்தலாம், அல்லது சிமிட்டாத சூரிய ஒளியில் ஷட்டரைக் கைப்பேசியின் போக்கிலேயே விட்டுவிடலாம்.

வரிவரியான பதிவு பகலிலும் தொடர்கிறது. அம்பத்தூரிலிருந்து ஆவடி செல்லும் மின்சார ரயிலின் சன்னல் வழியே எடுக்கும் காணொளியில், ஃபிரேமின் மேல்வரி பதிவாகிக் கீழ்வரி பதிவாவதற்குள் வண்டி நகர்ந்துவிடுவதால், பக்கத்துக் கம்பங்கள் சாய்ந்து தெரிகின்றன. ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதால் கம்பத்தின் கலங்கல் குறையுமேயன்றிச் சாய்வு நிமிராது, தொலைவிலுள்ள கட்டடங்களைக் குறிவைத்தாலோ, அண்ணனூரைத் தாண்டி வண்டி வேகம் தணியும்வரை காத்திருந்தாலோ மட்டுமே சாய்வு குறையும்.