எஞ்சின் முனையில் ஓர் இறப்பர் வளையம்

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை நீளும் நம் கரையோர ஊர்களில், ஒரு வேனை நம்பிச் சீவிக்கும் குடும்பங்கள் பல. எஞ்சினில் புதியதோர் ஓசை எழுந்தால் அவ்வீடுகளில் கவலையும் எழும். ஓசை முன்பக்கத்திலிருந்து தட்டுவதுபோல் வருமாயின், பேரிங்கை ஐயுறுமுன் கிராங்க் சாஃப்டின் நுனியிலுள்ள டாம்பரை நோக்குதல் வேண்டும்.

எரிபொருள் எரியுந்தோறும் பிஸ்டன் அத்தண்டைத் தாக்குகிறது. உருக்காயினும் தண்டு, நனைந்த சாரனைப் பிழிவதுபோல், கண்ணுக்குப் புலப்படாத அளவு முறுகி மீள்கிறது. பின்முனையைக் கனத்த பறப்புச்சில்லு பிடித்திருப்பதால் முன்முனையே மிகுதியும் நடுங்கும். ஊஞ்சலைத் தருணம் பார்த்துத் தள்ளத் தள்ள வீச்சுப் பெருகுவதை மாணவர் ‘பரிவு’ என்று படிக்கின்றனர் அன்றோ? குறித்த சில வேகங்களில் இங்கும் அதுவே நிகழும். தண்டு ஒடிதலும் உண்டு. தண்டு நீண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் இத்தொல்லை கடுமையாயிருந்தது. 1910ஆம் ஆண்டளவில் அதற்கு மருந்து கண்டவர்களுள் ஒருவர் பிரெடெரிக் லான்செஸ்டர் (1868-1946) என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். இன்று பெருவழக்கிலுள்ள டாம்பரில் நடுவே ஹப், வெளியே கனத்த வளையம், இடையே இறப்பர். தண்டு நடுங்கினும் வளையம் உடன் நடுங்க மறுக்கிறது. நடுவில் அகப்பட்ட இறப்பர் அந்நடுக்கத்தை வெப்பமாக்கி விடுகிறது.

வெயிலிலும் எண்ணெயிலும் பட்டுப்பட்டு அவ்விறப்பர் வெடிக்கும். வளையம் சற்றே வழுக்கினாலும் அதில் பொறித்த டைமிங் குறி பொய் சொல்லத் தொடங்கும். அதை நம்பிச் சீர்செய்த எஞ்சின் மேலும் கெடும். வளையம் கழன்று பெல்ட் அறுந்தாலோ, பல வாகனங்களில் நீர்ப்பம்பியும் உடன் நின்று எஞ்சின் கொதித்துவிடும்.

மலிவென்று பழைய டாம்பர் வாங்குவோர் உளர். அதிலுள்ள இறப்பரும் முதியதே என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர்!

மாற்றும்போது முதலில் பற்றரி வயரைக் கழற்றுக. புல்லரை ஹப்பில் மாட்டி இழுக்க வேண்டும். வெளிவளையத்தில் மாட்டினால் இறப்பர் கிழியும். ஹப்பின் கழுத்தில் ஒயில் சீல் தேய்த்த பள்ளம் இருந்தால், ஹப்பையும் மாற்றாது சீலை மட்டும் மாற்றுவதிற் பயனில்லை. புதிய ஹப்பை ஏற்றுமுன் தண்டின் சாவியையும் அதன் காடியையும் துடைத்து, சீலின் உதட்டில் எண்ணெய் தடவுக.

சில ஹப்புகள் கையாலேயே ஏறும், பிற இறுக்கமானவை. அவற்றைச் சுத்தியலால் அடித்தேற்றும் வழக்கம் நம் கராஜ்களிலும் இல்லாமலில்லை. அவ்வடி புது இறப்பரைச் சிதைப்பதோடு, உள்ளே தண்டைத் தாங்கும் பேரிங்கையும் தாக்கும். ஹப்பின் போல்டையே முறுக்கி இழுப்பதும் தகாது. இரண்டொரு புரிகளே பிடித்திருக்க, அவை உரிந்துபோனால் தண்டே பாழ். நீண்ட புரிக்கம்பியை ஆழத் திருகி, நட்டைச் சுற்றிச் சுற்றி ஹப்பை அமர்த்துவதே முறை. பின்னர் உற்பத்தியாளர் கைந்நூலிற் கூறிய அளவுக்கு டோர்க் ஸ்பனரால் போல்டை முறுக்குக. சில வகைகளுக்குப் பழைய போல்ட் ஆகாது.

முதலாம் பிஸ்டனை மேல்முனைக்குக் கொணர்ந்து டைமிங் குறி பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே எஞ்சினை இயக்குதல் வேண்டும். கழற்றிய டாம்பரின் இறப்பரை அறுத்து, அதைப் பழைய இரும்போடு சேர்த்துவிடுக. இன்றேல் அது மற்றொருவரின் வேனில் ஏறிவிடும்.