இருண்ட திரையும் பழங்கணினியும்

1984-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது, மாணவர் கைக்கு வந்தது பிரிட்டனில் உருவான பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினி. அத்தகைய பழங்கணினி ஒன்று இன்று நமக்குக் கிடைத்தால், திரை இருண்டிருப்பது கண்டு அதனை எறிந்துவிடலாகாது.

முதலில் மின்சாரம் வழங்கும் பகுதியைக் கவனித்தல் வேண்டும். அதிலுள்ள பழைய மின்தேக்கிகள் வெடித்துப் புகை கக்குவதுண்டு. தேர்ந்தவரைக் கொண்டு அவற்றை மாற்றிய பின்னரே மின்னிணைப்புத் தருதல் நலம்.

அடுத்து, திரையின்றியே சோதிக்கலாம். மின்சாரம் பாய்ந்ததும் இரு சுரமாக ஓர் ஒலி எழுந்து அடங்கினால், இயந்திரம் விழித்துக்கொண்டது என்று பொருள். ஒலி ஓயாது நீண்டால் உள்ளே பழுதுண்டு. கண்ட்ரோல் விசையுடன் ஜி எழுத்தை அழுத்தும்போது மீண்டும் ஒலித்தால், விசைப்பலகையும் வேலை செய்கிறது எனலாம்.

அப்படியாயின் திரை ஏன் இருள்கிறது? இக்கணினி விநாடிக்குச் சுமார் 15,600 கோடுகள் வரைகிறது, பிற்கால வி.ஜி.ஏ. திரைகளோ 31,000-க்கு மேல் எதிர்பார்க்கின்றன. ஆதலின், கணினியின் வீடியோ துளையைத் தகுந்த கம்பியால் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வீடியோ துளையோடு இணைத்தால், கறுப்பு வெள்ளையில் எழுத்துகள் தோன்றும்.

காதால் கேளாமல் கண்ணால் மட்டும் தீர்ப்பளிப்பதால் அன்றோ, ஒரு தலைமுறை மாணவர் கணினி கற்ற கருவிகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகின்றோம்!