விற்பனைக்கு நிற்கும் வீடு

வேண்டாதவர்களை வெளியே நிறுத்துவது வீட்டின் இயல்பு. அதே வீட்டை விற்பதென்று தீர்மானித்துவிட்டாலோ, முன்பின் அறியாதவர்களை நாமே அழைத்து, கூடம் முதல் கொல்லை வரை காட்ட வேண்டியதாகிறது. அவர்களுள் வாங்க வந்தவர் யார், விலை விசாரித்துப் போக வந்தவர் யார், வேறு எண்ணத்தோடு வந்தவர் யார் என்பது முகத்தில் எழுதியிராது. விலை பேசத் தொடங்கிய நாளுக்கும் சாவியை ஒப்படைக்கும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் செல்லலாம். ஓர் ஆண்டுகூட ஆகலாம். அந்த இடைக்காலத்தில் வீட்டைக் காப்பது எப்படி என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது பெரியவர்கள் பாடு, மாணவர்களுக்கு இதில் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். தரகர் இருவரை அழைத்துக்கொண்டு மாலை நான்கு மணிக்கு வந்து அழைப்பு மணியை அழுத்தும்போது, கதவைத் திறப்பவர் யார்? பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றிருக்கும் வீட்டில், பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைதான். விளம்பரத்துக்கென்று கைப்பேசியில் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுபவரும் பெரும்பாலும் அந்தப் பிள்ளையே. ஆகவே இதில் உங்கள் பங்கு சிறியதன்று.

முதலில் அந்தப் படங்களைப் பற்றிச் சொல்கிறேன். கூடத்தின் அகலத்தைக் காட்ட எடுத்த படத்தில் சுவரில் மாட்டிய நாட்காட்டியும் விழுந்திருக்கும். அதில் ஒரு தேதியை வட்டமிட்டு, ‘திருப்பதி’ என்று அம்மா எழுதிவைத்திருப்பார். படுக்கையறைப் படத்தில் இரும்பு அலமாரி நிற்கும் மூலை தெரியும். பூஜையறைப் படத்தில் வெள்ளிக் குத்துவிளக்கு பளிச்சிடும். வாங்குபவருக்கு இவற்றால் ஒரு பயனுமில்லை. அறையை ஒழித்துவைத்துப் படமெடுத்தால், அறையும் பெரிதாகத் தோன்றும். வீட்டுச் செய்தியும் வெளியே போகாது. கதவு எண்ணும் தெருப் பெயரும் விளம்பரத்தில் வேண்டியதில்லை. பேட்டையின் பெயர் போதும். மற்றதைக் கேட்பவரிடம், அவர் இன்னார் என்று அறிந்துகொண்ட பிறகு, சொல்லலாம்.

குடும்பம் முன்னதாகவே வேறிடம் போய்விட்ட வீடானால் கவலை இரட்டிப்பாகிறது. வாசலில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை தொங்குகிறது. கோலம் விழுந்து பத்து நாளாயிற்று. கம்பிக் கதவில் விளம்பரத் தாள்கள் செருகியபடி மஞ்சளித்துக் கிடக்கின்றன. இந்த வீட்டில் ஆளில்லை என்று வேறு யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டுமா? பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வாசலைப் பெருக்கிக் கோலமிடச் செய்வதும், இரவில் ஒரு விளக்கு எரிய ஏற்பாடு செய்வதும் செலவில்லாத காவல்கள். வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், பல நாள் ஆளின்றிக் கிடந்தால் அது செல்லுமா என்று காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

இனிச் சாவி. இன்று நம் வீடுகளின் முன்கதவில் பொருத்தும் உருளைப் பூட்டுகளில் பெரும்பாலானவை, அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர் 1861-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தவை. உருளைக்குள் ஐந்தாறு சிறு ஊசிகள் வில்லின் அழுத்தத்தில் இறங்கி நின்று அதைச் சுழலவிடாமல் தடுக்கின்றன. சாவியின் விளிம்பிலுள்ள வெட்டுகள் ஒவ்வோர் ஊசியையும் உரிய உயரத்துக்கு, கூடவும் குறையவும் இல்லாமல், தூக்கும்போதுதான் உருளை திரும்புகிறது. எனவே ஒரு சாவியின் இரகசியமெல்லாம் அந்த ஐந்தாறு வெட்டுகளின் ஆழத்தில் அடங்கிவிடுகிறது. அந்த ஆழங்களோ கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரிவது படத்திலும் விழும். 2008-ஆம் ஆண்டில் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மேசைமீது கிடந்த சாவியை 195 அடி தொலைவிலுள்ள மாடியிலிருந்து படமெடுத்து, கணிப்பொறியின் துணையால் அதன் வெட்டுகளைக் கணித்துக் காட்டினார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தைப் படமெடுக்க அத்தனை தொலைவு தேவையில்லை. நம் திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. உறுதிக்குப் பெயர் போனது. எத்தனை உறுதியானால் என்ன, சாவி ஊரார் கண்ணில் பட்டால் பூட்டு பாவம் என்ன செய்யும்? வீடு பார்க்க ஆள் வருமுன் சாவிக்கொத்தை எடுத்து உள்ளே வையுங்கள். தரகரிடம் ஒரு சாவி கொடுத்துத்தான் தீர வேண்டுமென்றால், அவர் பெயரையும் கொடுத்த தேதியையும் எழுதிவைப்பதில் நாகரிகக் குறைவு ஒன்றுமில்லை.

பார்க்க வருபவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முன்னரே கேட்டு, வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும் நேரத்தைச் சொல்வது நல்லது. சொல்லாமல் வந்து நிற்பவரிடம், “அப்பா ஆறு மணிக்கு இருப்பார், அப்போது வாருங்கள் ஐயா” என்றால் போதும். உண்மையாக வாங்க நினைப்பவர் இதற்காகக் கோபித்துக்கொண்டு போகமாட்டார்.

மரக்கதவைப் பற்றி இவ்வளவு சொன்னேன். நம் நாட்டில் வீட்டுக்கு இன்னொரு கதவு உண்டு. அது காகிதத்தால் ஆனது. திருடன் கொண்டுபோகும் பண்டம் மீளலாம், மீளாமலும் போகலாம். வீடு எப்படியும் நிற்கும். பத்திரம் பிறர் கைக்குப் போனாலோ வீட்டுக்கே வழக்கு வந்துவிடும். ‘வக்கீலிடம் காட்டிவிட்டு நாளைக்கே தருகிறேன்’ என்று மூலப்பத்திரத்தைக் கேட்பவர்கள் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, சென்னை போன்ற நகரங்களில் உரிமை ஆவணங்களைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பதாலேயே அடமானம் ஏற்பட முடியும். மூலப்பத்திரம் எத்தனை கனமான பொருள் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். உரிமையில்லாதவன் அதைக் காட்டிக் கடன் வாங்கினால் அந்த அடமானம் செல்லாதென்று வாதிடலாம். அதற்கு நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டு என்பது வேறு கணக்கு. நகல் கொடுங்கள். நகலின் குறுக்கே, யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். மூலத்தைப் பார்க்க விரும்புகிறவர் உங்கள் கூடத்தில் உட்கார்ந்தே பார்க்கட்டும்.

ஆள்மாறாட்டம் செய்து பிறர் சொத்தைப் பதிவு செய்பவருக்கு 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. அத்தகைய பதிவு நடந்திருக்கிறதா என்று அறியச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்துக்கிடந்த காலம் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். வீடு விற்பனையில் இருக்கும் வரை மாதம் ஒருமுறை பார்த்துச் சொல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்; உங்கள் தாத்தாவுக்கு இது ஓர் உதவியாக இருக்கும்.

முன்பணம் வாங்கியதும் வீடு கைமாறிவிட்டதாக எண்ணுவோர் பலர். விற்பனை உடன்படிக்கை மட்டும் வாங்குபவருக்குச் சொத்தில் உரிமை எதையும் உண்டாக்குவதில்லை என்று மேற்படி 1882-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதே சட்டம் இன்னொன்றும் விதிக்கிறது: உடன்படிக்கை நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை, சாதாரண விவேகமுள்ள உரிமையாளர் காப்பதுபோல வீட்டையும் பத்திரங்களையும் விற்பவர் காக்க வேண்டும். விற்கப்போகிற வீடுதானே என்று ஓடு ஒழுக விட்டுவிட இயலாது.

இந்த இடைக்காலத்தில்தான், ‘சாமான்களை மட்டும் ஓர் அறையில் வைத்துக்கொள்கிறோம்’ என்ற கோரிக்கை வரும். பார்க்க நியாயமானது, அனுபவசாலிகள் இதற்கு இணங்குவதில்லை. எழுத்துமூலமான, பதிவு செய்த உடன்படிக்கையின்படி அனுபவத்தைப் பெற்று, தம் கடமையைச் செய்ய ஆயத்தமாயிருக்கும் வாங்குபவரை, கிரயம் முடியவில்லை என்ற காரணத்தால் எளிதில் வெளியேற்ற முடியாது. உடன்படிக்கை ஒன்றுமில்லாமல் எவரேனும் புகுந்து நம்மை வெளியேற்றிவிட்டாலோ, 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தால் உரிமை விசாரணையின்றியே அனுபவத்தை மீட்கலாம். தூர ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் அதைப் போய்ப் பார்க்காவிட்டால் இந்த வழி கைநழுவிப் போகும்.

கிரயம் பதிவாகி, பாக்கித் தொகையும் வந்து சேர்ந்த பிறகு, பத்திரங்களையும் சாவிகளையும் எண்ணிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மின்சார மீட்டர் காட்டும் எண்ணையும் அதிலேயே குறித்துவிடலாம். புதிதாகக் குடியேறுபவர் அன்று மாலையே தச்சரை வரவழைத்துப் பூட்டை மாற்றினால், விற்றவர் அதை அவமதிப்பாகக் கருத வேண்டாம். அந்தச் சாவி எத்தனை கைகளுக்குப் போய் வந்ததென்று விற்றவருக்கே தெரியும்.